பாடக்குறிப்புகள் இடம் மாறிய கதை

பத்தாண்டுகளாக நான் எழுதிய அறிவியல் பாடக்குறிப்புகள் அனைத்தும் ஒரு தரவுத்தளத்துக்குள் இருந்தன. செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள் தளம் முடங்கியது. மாணவர்கள் கையில் எதுவும் இல்லை. அன்றே முடிவெடுத்தேன்.

குறிப்புகளை மார்க்டவுன் என்னும் எளிய உரைக்கோப்புகளாக மாற்றினேன். ஹ்யூகோ என்ற கட்டற்ற மென்பொருள் அவற்றை முன்கூட்டியே இணையப் பக்கங்களாக்கி வைத்துவிடுகிறது. யாரேனும் பார்க்க வரும்போது தரவுத்தளத்தில் தேடும் வேலையே இல்லை. நிறுவியது ஒரு மாலையில் முடிந்தது. படங்களின் முகவரிகளைத் திருத்தத்தான் கோடை விடுமுறை முழுவதும் போயிற்று. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய குறிப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிய பாட்டைக் கேட்காதீர்கள்!

இப்போது இணையம் இல்லாத நாளில், பென்டிரைவிலுள்ள அதே கோப்பை நோட்பேடில் திறந்து பாடம் நடத்துகிறேன்.