எலும்போடு சேரும் உலோகம்: பூச்சு மட்டும் போதுமா?



இடுப்பு மூட்டு தேய்ந்து நடக்க முடியாமல் போனவருக்குச் செயற்கை மூட்டு பொருத்துகிறார்கள். பல் விழுந்தவருக்குத் தாடை எலும்பில் சிறு திருகாணியைப் பதித்து, அதன்மேல் புதுப் பல்லை வைக்கிறார்கள். இவற்றில் அதிகம் பயன்படும் உலோகம் டைட்டானியம். பலகையில் ஆணி நிற்பதுபோல் இது நின்றுவிடாது. உயிருள்ள எலும்பு வளர்ந்து வந்து அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் உலோகம் ஆட்டம் காணும், வலி வரும், மீண்டும் கத்தி வைக்க வேண்டும்.

இந்தப் பிடிப்பு தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்று. 1952-ஆம் ஆண்டு, சுவீடனின் லுண்ட் நகரில், பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற ஆய்வாளர் முயலின் கால் எலும்பில் இரத்த ஓட்டத்தைக் கவனித்து வந்தார். அதற்காக டைட்டானியக் கருவி ஒன்றை எலும்புக்குள் வைத்திருந்தார். ஆய்வு முடிந்ததும் கழற்றப் பார்த்தார், வரவில்லை. எலும்பு அதை இறுகப் பற்றியிருந்தது. 1965-இல் கோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் டைட்டானியத் திருகாணிகளைப் பதித்தார். லார்சன் 2006-இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவை நிலைத்திருந்தன.

இதன் இரகசியம் என்ன? எலும்பு தொடுவது உலோகத்தை அல்ல, அதன் மேற்பரப்பை. காற்றுப் பட்டவுடன் டைட்டானியத்தின்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிவிடும். அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். உடல் அதைப் பகையாகக் கருதுவதில்லை. ஆனால் பகைக்காமல் இருப்பது வேறு, வா என்று அழைப்பது வேறு. எலும்பை அழைப்பதற்காகத்தான் மேற்பரப்பு வேலைகள் வந்தன.

முதல் வழி, சொரசொரப்பாக்குவது. மணல் போன்ற துகள்களை வேகமாக அடித்து, பிறகு அமிலத்தில் நனைத்தால், வழுவழுப்பான உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உண்டாகும். சுண்ணாம்புப் பூச்சு வழுவழுப்பான கண்ணாடியில் நிற்காது, செங்கல்லில் நிற்கும் அல்லவா? அதுபோலத்தான். ஆரம்ப காலத்தில் பல் திருகாணிக்குக் கீழ்த்தாடையில் 3 மாதமும் மேல்தாடையில் 6 மாதமும் காத்திருந்தார்கள். சொரசொரப்பான வகைகள் வந்தபின், எலும்பு நன்றாக உள்ளவர்களுக்கு அது 6 முதல் 8 வாரமாகக் குறைந்தது.

இரண்டாவது வழி, பூச்சு. எலும்பில் உள்ள தாதுப்பொருள் ஹைட்ராக்சிஅபடைட் என்ற சுண்ணப் பொருளைப் போன்றது. அதைத் தூளாக்கி, 10,000 பாகைக்கும் மேல் கொதிக்கும் வாயுச் சுடர் வழியாக உலோகத்தின்மேல் பீய்ச்சுவார்கள். தூள் உருகிப் படிந்து, 50 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பூச்சாகிறது. எலும்புச் செல்கள் அதைத் தம் இனமாகவே ஏற்றுக்கொள்ளும். 1985-இல் இலண்டனில் ரொனால்ட் ஃபர்லாங் என்ற அறுவை மருத்துவர் இப்படிப் பூசிய இடுப்பு மூட்டைப் பொருத்தினார்.

அப்படியென்றால் பூச்சு இருந்தால் கவலை இல்லையா? இங்கேதான் நிதானம் வேண்டும். பூச்சு தடிமனாக இருந்தால் விரிசல் விடலாம். உடல் திரவத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையலாம். உரிந்த துணுக்கு மூட்டுக்குள் போனால் தேய்மானம் கூடலாம். சுவீடனில் இடுப்பு மூட்டுச் சிகிச்சைகளை 1979 முதல் ஒரு தேசியப் பதிவேட்டில் குறித்து வருகிறார்கள். அதை வைத்து 2010-இல் வெளிவந்த ஆய்வு, இந்தப் பூச்சுள்ள இடுப்புக் கிண்ணங்களுக்கு மறு அறுவை ஆபத்து கூடுதல் என்றது. 2011-இல் வந்த இன்னொரு ஆய்வு, ஒரு வகைத் தொடை எலும்புத் தண்டில் பூச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆயுளில் வேறுபாடு காணவில்லை. பூச்சு கெட்டது என்று இதற்குப் பொருளல்ல. எந்த இடத்தில், எந்த வடிவத்தில் என்பதைப் பொறுத்தே அதன் பலன் அமைகிறது.

இதனால் சிலர் வேறு பாதையில் சென்றார்கள். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தடாஷி கொக்குபோ குழுவினர், டைட்டானியத்தைக் காரத்தில் ஊறவைத்துச் சூடாக்கினால், உடல் திரவத்திலிருந்தே எலும்புத் தாது அதன்மேல் தானாகப் படியும் என்று 1990-களில் காட்டினார்கள். வெளியிலிருந்து தடிமனாகப் பூசவேண்டிய தேவையே அங்கே இல்லை.

ஆனால் எந்த மேற்பரப்பும் பசை அல்ல, அழைப்பிதழ் மட்டுமே. எலும்பு வந்து சேர அவகாசம் தேவை. அந்த வாரங்களில் உலோகம் ஏறக்குறைய 150 மைக்ரானுக்கு மேல் ஆடினால், எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்துவிடும். அது முடிகள் இரண்டின் பருமன்தான்! மருத்துவர் ஊன்றுகோலைப் பிடிக்கச் சொன்னால், கடினமானதைக் கடிக்காதே என்றால், காரணம் இதுவே. புகைப்பிடித்தால் பல் திருகாணி தோல்வியடையும் வாய்ப்பு கூடும். கட்டுக்குள் இல்லாத இனிப்பு நீரும் எலும்பு ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

ஆகவே நேயர்களே, வீட்டில் ஒருவருக்கு இத்தகைய சிகிச்சை என்றால், "விலை உயர்ந்த பூச்சா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இந்த வகை எத்தனை ஆண்டுகளாகப் பயனில் உள்ளது, எத்தனை பேருக்கு நிலைத்தது, எத்தனை வாரம் பாரம் தவிர்க்க வேண்டும் என்றும் கேளுங்கள். உலோகத்தைத் தொழிற்சாலை தரும். பூச்சை விஞ்ஞானி தருவார். எலும்பு வளரும் அந்தச் சில வாரப் பொறுமையை நோயாளியும் குடும்பமும்தான் தரவேண்டும்.