உயிர் காத்த மருந்தோடு நின்றுவிடலாமா?



எச்.ஐ.வி. தொற்றோடு வாழும் ஆடவரும் புற்றுநோயும் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கும் நேரத்தில் இதைப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பேசாமல் விட்டதால்தான் பலரைக் காலம் கடந்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம்.

1981 ஜூலையில், நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் 26 ஆடவருக்குக் கபோசி சர்க்கோமா எனும் அரிய புற்றுநோய் கண்டிருப்பதாக அமெரிக்காவில் ஓர் அறிக்கை வெளிவந்தது. எய்ட்ஸ் நோயை உலகம் அறிந்துகொண்ட முதல் தடயங்களுள் அதுவும் ஒன்று. ஆக, இவ்விரு நோய்களுக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று.

இதற்குக் காரணம் என்ன? நம் எதிர்ப்பாற்றல் ஒரு காவலாளியைப் போன்றது. எச்.ஐ.வி. அந்தக் காவலாளியைத் தளர்த்திவிடுகிறது. உடலில் பதுங்கியிருக்கும் வேறு கிருமிகள் அப்போது தலைதூக்குகின்றன. ஹெப்படைட்டிஸ் பி, சி கிருமிகள் கல்லீரலையும், எச்.பி.வி. எனும் கிருமி ஆசனவாயையும் தாக்கிப் புற்றுநோய்க்கு வழிவிடுகின்றன.

1996ஆம் ஆண்டு முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவியது. மரணங்கள் குறைந்தன. 35 நாடுகளில் 4,685 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. மருந்தை உடனே தொடங்கிய பிரிவில் 14 பேருக்கும், தள்ளிப்போட்ட பிரிவில் 39 பேருக்கும் புற்றுநோய் கண்டது. இரு பிரிவுகளிலும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில்தான் ஆட்கள் இருந்தனர். மருந்தைச் சீக்கிரம் தொடங்குவதன் பலனுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

"அப்படியானால் மாத்திரை சாப்பிட்டால் போதுமே" என்பீர்கள். போதாது என்பதைச் சொல்லவே வந்தேன்.

ஒருவரை எண்ணிப் பாருங்கள். 1998இல், 28 வயதில், போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டதால் அவருக்குத் தொற்று ஏற்பட்டது. மலேசியாவில் அக்காலத்தில் பெரும்பாலோருக்கு இப்படித்தான் தொற்று வந்தது. மெத்தடோன் சிகிச்சை 2005இலும், ஊசி பரிமாற்றத் திட்டம் 2006இலும்தான் இங்குத் தொடங்கின. இன்று அவர் ஐம்பதைத் தாண்டிவிட்டார். போதையை விட்டார், மாத்திரையைத் தவறவிடுவதில்லை. ஆனால் சிகரெட்டை விடவில்லை.

அவர் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, அந்தச் சிகரெட். மருந்தை ஒழுங்காக உண்பவருக்கு, இன்று எச்.ஐ.வி.யைவிடப் புகைதான் பெரிய எமனாக முடியும். சிகரெட்டை நிறுத்த உதவும் சேவை அரசாங்க கிளினிக்குகளிலேயே உண்டு.

இரண்டாவது, கல்லீரல். குழந்தைகளுக்கான ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசித் திட்டம் மலேசியாவில் 1989இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்த நம் நண்பருக்கு அது கிடைத்திருக்காது. பி, சி இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சி கிருமியை மாத்திரையால் முற்றாக அகற்றலாம். 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் அந்தச் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் கல்லீரல் ஏற்கெனவே சுருங்கி இறுகியிருந்தால், கிருமி போன பிறகும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். எச்.ஐ.வி. மாத்திரைகள் சில, பி கிருமியையும் அடக்குபவை. அவற்றைத் தாமாக நிறுத்தினால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படக்கூடும்.

மூன்றாவது, வெட்கத்தால் மறைக்கப்படுவது. மலம் கழிக்கையில் இரத்தம் வந்தால் நம்மவர்கள் "மூலமாக இருக்கும்" என்று களிம்பு வாங்கித் தடவிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் மூலமாகவே இருக்கலாம். எச்.ஐ.வி. உள்ளவர் அப்படி எண்ணி இருந்துவிடக் கூடாது. ஆசனவாயில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்களைக் கண்டு அகற்றினால், நோய் வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைகிறது என்று 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் மருத்துவரிடம் தொற்றைப் பற்றி வாய் திறக்காவிட்டால், அவர் எதைத் தேடுவார்?

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. ஒன்றாக உண்பதாலோ, தோளில் கை போடுவதாலோ எச்.ஐ.வி. தொற்றாது. உங்கள் அண்ணனோ, மாமாவோ, மகனோ இந்நோயோடு இருந்தால், அவருடைய கடந்த காலத்தைக் கிளறாதீர்கள். அடுத்த பரிசோதனை எப்போது என்று கேளுங்கள். முடிந்தால் உடன் செல்லுங்கள். உடன்வர ஓர் ஆள் இருந்தால், தள்ளிப்போட்ட பரிசோதனைக்கும் அவர் துணிந்து செல்வார்.