பொய்மீன் செய்யும் கைத்தொழில்

(ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்காகச் செய்த சொற்பொழிவு)

கைத்தொழில் ஒன்றைத் தொடங்க விரும்புவோர் முதன்முதலாகக் கேட்கும் கேள்வி, "இதற்குப் பணம் எவ்வளவு வேண்டும்?" என்பதேயாகும். பணம் வேண்டுவது மெய்யே. ஆயினும் பணத்திற்கு முன்னதாக வேண்டுவன இரண்டு உள. அவை யாவையெனில், தொழிலுக்குரிய விஷயத்தைக் கூர்ந்து நோக்கும் கண்ணும், செய்து முடித்த பொருளை விலைக்குக் கொடுக்குமுன் தானே பரீட்சித்துப் பார்க்கும் நேர்மையுமாம். இவ்விரண்டையும் கொண்டு, கத்தி ஒன்றும் தக்கைத் துண்டு ஒன்றுமே கருவியும் பொருளுமாகத் தொடங்கிய ஓர் ஏழை மீனவனது தொழில், பல தேசங்களுக்கும் பரவியது. அத்தொழில் பொய்மீன் செய்தல் ஆகும்.

பொய்மீன் என்பது, தூண்டிலில் உயிருள்ள இரையைக் கோப்பதற்குப் பதிலாக, சிறுமீனின் வடிவத்தில் மரத்தால் செய்து வண்ணம் தீட்டி, முள் பொருத்தி, நரம்பில் கட்டி நீரில் இழுக்கும் கருவி. இதற்கு வாசனையும் இல்லை, சுவையும் இல்லை. பெரிய மீன் ஒன்றை ஏமாற்ற இதற்கு உள்ளவை வடிவமும், நிறமும், அசைவுமே.

மீனவன் கண்ட காட்சி

பின்லாந்து தேசம் ஏரிகள் மிகுந்த நாடு. அங்குள்ள பெரிய ஏரிகளுள் ஒன்றாகிய பையானே என்பதன் கரையில், அசிக்கலா என்னும் ஊர்ப்பகுதியில் லௌரி ராபாலா என்பவர் வாழ்ந்து வந்தார். இவர் 1905-ஆம் ஆண்டில் பிறந்தவர். கோடையில் மீன் பிடித்தும், குளிர்காலத்தில் காட்டில் மரம் வெட்டியும் குடும்பத்தைக் காப்பாற்றினார். நீண்ட கயிற்றில் வரிசையாக முட்களைக் கட்டி, ஒவ்வொரு முள்ளிலும் சிறுமீனைக் கோத்து ஏரியில் இடுவது அவருடைய வேலைகளுள் ஒன்று. இரைக்காகச் சிறுமீன்களைப் பிடிப்பதிலும், அவற்றைக் கோப்பதிலும், இழந்த இரைக்கு வேறு இரை இடுவதிலும் பொழுதின் பெரும்பகுதி கழிந்தது. இரை கிடையாத நாளில் மீனும் இல்லை.

படகில் அசையாது இருந்து நீரினுள் நோக்குவது அவருடைய வழக்கம். சிறுமீன் கூட்டத்தினுள் பெரிய மீன் பாய்ந்த போதெல்லாம் அவர் ஒரு விஷயத்தைக் கண்டார். கூட்டத்தில் எத்தனையோ மீன்கள் இருந்தும், பெரிய மீன் அவற்றை விட்டு, காயம் பட்டோ களைத்தோ சற்றே தள்ளாடி நீந்தும் ஒன்றையே தேடிப் பிடித்தது. நேராக ஓடும் மீனைத் துரத்துவது வீண் உழைப்பு. தள்ளாடும் மீன் எளிதில் அகப்படும். வேட்டையாடும் பிராணிக்கு இக்கணக்கு தெரியும்.

அந்தத் தள்ளாட்டத்தை மரத்தில் செய்ய முடியுமானால் உயிருள்ள இரையே வேண்டுவதில்லை என்று ராபாலா கருதினார். 1936-ஆம் ஆண்டில், செருப்புத் தைப்போர் உபயோகிக்கும் கத்தியினால் தக்கையைச் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, சாக்கலேட்டு சுற்றிவரும் மினுமினுக்கும் உலோகத் தாளை அதன்மேல் ஒட்டினார். மேற்பூச்சுக்கு வார்னிஷ் வாங்கப் பொருளின்றி, பழைய புகைப்படச் சுருள்களை உருக்கிப் பூசினார். இவ்வாறு பிறந்தது அவருடைய முதல் பொய்மீன். பிறர் எறிந்துவிட்ட பொருள்களே அதில் பெரும்பாலும் இருந்தன. அதன் அசைவோ அவர் பல நாள் நோக்கிக் கற்றது.

உடல் செய்தல்

இத்தொழிலைச் செய்யும் முறை பின்வருமாறு. முதலில் மரம். இலேசான மரமே வேண்டும். கனத்த மரத்தில் அசைவு மந்தப்படும். ராபாலா முதலில் தக்கையை உபயோகித்தார். யுத்தகாலத்தில் தக்கை கிடைக்காதபோது பைன் மரத்தின் பட்டையைச் செதுக்கினார். பிற்காலத்தில் தென்னமெரிக்காவில் விளையும் பால்ஸா மரம் இவ்வேலைக்குச் சிறந்ததென்று வழக்கத்தில் வந்தது. மரம் எதுவாயினும் நன்கு உலர்ந்ததாயும், நார் நேராக ஓடுவதாயும், கணு அற்றதாயும் இருத்தல் அவசியம்.

கைக்கு அடக்கமான அளவு 9 முதல் 11 சென்டிமீட்டர் நீளம். கெட்டி அட்டையில் மீனின் பக்கவடிவத்தை வெட்டி அச்சாக வைத்துக்கொண்டால், எத்தனை மீன் செய்யினும் ஒரே அளவாக அமையும். அச்சின்படி மரத்தை அறுத்தபின், முதுகிலும் வயிற்றிலும் நடுக்கோடு ஒன்றை இட்டுக்கொள்ள வேண்டும். இக்கோடு இல்லாமல் செதுக்கினால் இருபுறமும் சமமாக வாரா. சமமில்லாத உடல் நீரில் ஒருபுறமாகச் சாய்ந்தே ஓடும்.

உடலைச் செதுக்கித் தேய்த்தபின், வயிற்றின் நடுக்கோட்டில் மெல்லிய பிளவு ஒன்றை அறுத்து, அதனுள் துருப்பிடியாத எஃகுக் கம்பி ஒன்றை வைக்க வேண்டும். இக்கம்பி மூக்கில் ஒரு வளையமாகவும், வயிற்றில் ஒரு வளையமாகவும், வாலில் ஒரு வளையமாகவும் முறுக்கப்பட்டு, இடையில் அறாது ஒரே கம்பியாக ஓடுதல் வேண்டும். மூக்கு வளையத்தில் நரம்பும், மற்ற இரண்டில் முட்களும் சேரும். பெரிய மீன் கடித்து மரமே உடைந்து போயினும், கம்பி அறாதவரையில் மீன் தப்பாது. சிலர் வேலையைச் சுருக்க எண்ணி மரத்தில் திருகாணிகளை மாத்திரம் பதித்து விடுவர். திருகாணி பிடுங்கிக்கொள்ளும் நாளிலேதான் அதன் குறை தெரியவரும்.

பிளவின் நடுவில் சிறிது கனத்தை வைத்து, மரத்தூளும் பசையும் கொண்டு அடைக்க வேண்டும். இக்கனம் பொய்மீனை முதுகு மேலாகவும் வயிறு கீழாகவும் நிறுத்தும். கனம் மிகுந்தால் அசைவு செத்துவிடும். குறைந்தால் மீன் புரண்டு கிடக்கும்.

மோவாயின் கீழே பொருத்தும் சிறு தகடே பொய்மீனுக்கு உயிர். உலோகத்தாலோ, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காலோ இது செய்யப்படும். நரம்பை இழுக்கும்போது நீர் இத்தகட்டில் மோதி இப்புறமும் அப்புறமும் வழுகுவதனால் உடல் ஆடுகிறது. தகடு உடலின் நேர்க்கோட்டை ஒட்டி முன்னோக்கி நீண்டிருந்தால் பொய்மீன் ஆழமாக இறங்கும். கீழ்நோக்கிச் செங்குத்தாக நின்றால் மேல்நீரிலேயே ஓடும். இவ்வாட்டத்தினால் நீரில் எழும் அதிர்ச்சியை, மீன்கள் தம் உடலின் இருபக்கமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உறுப்பினால் உணர்கின்றன. ஆதலின் கலங்கல் நீரிலும், மங்கிய பொழுதிலும், கண்ணுக்குத் தோன்றுமுன்னரே பொய்மீனின் வரவு பெரிய மீனுக்குத் தெரிந்துவிடும்.

வண்ணம் தீட்டுதல்

வண்ணத்திற்கு முன் மரத்தின் வாயை அடைக்க வேண்டும். மெல்லிய வார்னிஷில் இரண்டு மூன்று முறை தோய்த்து, ஒவ்வொரு முறையும் நன்கு உலர்த்தி, மெல்லிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இதில் அவசரப்பட்டவனுடைய பொய்மீன், நீரைக் குடித்துப் பருத்து, மேலுள்ள வண்ணத்தை எல்லாம் உரித்துவிடும். அடைத்த உடலின்மேல் வெள்ளை வண்ணத்தை முதற்பூச்சாக இட்டால், பின்னர் இடும் நிறங்கள் தெளிந்து தோன்றும்.

நிறங்களை அமைப்பதில் இயற்கையே ஆசிரியர். பெரும்பாலான சிறுமீன்களுக்கு முதுகு கருமையாகவும், பக்கம் மின்னுவதாகவும், வயிறு வெண்மையாகவும் இருக்கும். மேலிருந்து நோக்கினால் கருமை ஆழத்தோடும், கீழிருந்து நோக்கினால் வெண்மை வானத்தின் ஒளியோடும் கலந்துவிடும். இவ்வரிசையைப் பொய்மீனிலும் காத்தல் நலம். பக்கங்களுக்கு உலோகத் தாளை ஒட்டுவோர், அதனை முதலில் அரத்தின் பற்களின்மேல் வைத்து அழுத்தித் தேய்த்தால் செதில் போன்ற வரிகள் பதியும். வண்ணத்தாலேயே செதில் வேண்டுவோர், கொசுவலைத் துணியை உடலின்மேல் இழுத்துப் பிடித்து, அதன்மேல் வண்ணத்தைத் தெளித்துப் பின் துணியை எடுத்துவிடுவர். கண்ணுக்கு, ஆணியின் தலையை வண்ணத்தில் தோய்த்து ஒற்றினால் வட்டமாக அமையும்.

நிறத்தைப் பற்றி இன்னொரு விஷயம். நீர், ஒளியின் நிறங்களுள் சிவப்பையே முதலில் விழுங்குகிறது. தெளிந்த நீரிலும் சில மீட்டர் ஆழத்திற்குள்ளாகவே சிவப்பு மங்கிக் கருமையாகத் தோன்றத் தொடங்கும். கடையில் வைத்தபோது கண்ணைப் பறித்த சிவப்பு, ஆழத்தில் ஓடும் பொய்மீனுக்கு அவ்வளவு பயன் தருவதில்லை. வாங்குவோன் நிறத்தைப் பார்த்து வாங்குகிறான். மீனோ அசைவை உணர்ந்து வருகிறது. இவ்விருவருள் பின்னதைத் திருப்தி செய்யாத பொருள், முன்னவனிடத்தில் ஒரு முறைதான் விலைபோகும்.

மேற்பூச்சுக்கு வார்னிஷைக் கெட்டியாக ஒரு முறை பூசுவதைவிட மெல்லியதாகப் பல முறை பூசுதல் சிறந்தது. ஒரு முறை மூக்கைக் கட்டித் தொங்கவிட்டால், மறுமுறை வாலைக் கட்டித் தொங்கவிட வேண்டும். இன்றேல் பூச்சு ஒரு முனையில் திரண்டு நின்று கனத்தைக் கெடுக்கும்.

நீர்ப் பரீட்சை

முட்களைப் பொருத்தியபின் பொய்மீனை நீரில் இழுத்துப் பார்க்க வேண்டும். பெரிய தொட்டியோ, தெளிந்த குளத்தின் கரையோ போதும். நேராக ஓடி, தள்ளாடி, புரளாது வருமாயின் அது தேறியது. வலப்புறம் விலகி ஓடினால், மூக்கு வளையத்தைக் குறட்டினால் மயிரிழை அளவு இடப்புறம் வளைக்க வேண்டும். இடப்புறம் ஓடினால் வலப்புறம். இப்படிப் பல முறை செய்தும் திருந்தாததை விலக்கிவிட வேண்டும்.

ராபாலாவின் தொழில் வளர்ந்ததன் ரகசியம் இதுவே. மனைவியும் பிள்ளைகளும் வேலையில் துணைசெய்தனர். நீரில் இழுத்துச் சரிபார்க்காத மீனை விலைக்கு அனுப்புவதில்லை என்பது அவர்கள் விதி. 1952-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தபோது வந்த வெளிநாட்டார் சிலர் இப்பொய்மீன்களை வாங்கிச் சென்றனர். 1959-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மின்னசோட்டா மாகாணத்து வியாபாரிகள் இருவர் இவற்றை இறக்குமதி செய்யத் தொடங்கினர். 1962-ஆம் ஆண்டில் 'லைஃப்' என்னும் அமெரிக்கப் பத்திரிகை இவற்றைப் பற்றி எழுதவே, அந்நாட்டிலிருந்து லட்சக்கணக்கில் கேள்வி எழுந்தது. ராபாலா 1974-ஆம் ஆண்டில் காலமானார். கேள்வி பெருகியபோதும் நீர்ப் பரீட்சை நிறுத்தப்படவில்லை.

எச்சரிக்கை

ராபாலாவின் கண்ணையும் நேர்மையையும் பின்பற்றுக. அவர் வறுமையில் கையாண்ட எல்லாவற்றையும் பின்பற்ற வேண்டா. பழைய புகைப்படச் சுருள்களில் சில, தீப்பொறி பட்ட மாத்திரத்தில் வெடித்தாற்போல் எரிவன. அவற்றை உருக்குதல் கூடவே கூடாது. வார்னிஷ் பூசும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். அடுப்பும் விளக்கும் சுருட்டும் விலகியிருக்க வேண்டும்.

கனத்திற்கு ஈயத்தை உபயோகிப்போர் அது விஷம் என்பதை மறக்கலாகாது. சமையல் பாத்திரத்தில் ஈயத்தை உருக்குதலும், குழந்தைகள் அருகில் அரத்தால் ராவுதலும் பெருந்தீங்கு. வேலை முடிந்தவுடன் கை கழுவாமல் எதையும் உண்ணலாகாது. நீரில் விழுந்த ஈயத்தை விழுங்கி அன்னப்பறவைகள் மடிந்ததனால், பிரிட்டனில் 1987-ஆம் ஆண்டில் தூண்டிலுக்குரிய சிறிய ஈயக் குண்டுகளின் விற்பனை தடுக்கப்பட்டது. இரும்புத் துண்டோ பித்தளைத் துண்டோ சிறிது பெரிதாக வைத்தால் ஈயமின்றியே வேலை முடியும்.

சங்கத்தார் கவனிக்க வேண்டுவது

பின்லாந்தில் பைக், பெர்ச் முதலிய மீன்களுக்குச் செய்த பொய்மீன், தமிழ்நாட்டு நீர்களுக்குப் பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். குளத்து விராலும், கழிமுகத்துக் கொடுவாயும் உயிருள்ள இரையைப் பாய்ந்து பிடிக்கும் இனங்களே. ஆகவே முறை பொருந்தும். வண்ணம் மாத்திரம் அவ்வந்நீரில் வாழும் சிறுமீனைப் பார்த்து மாறவேண்டும். அயல்நாட்டு மீனின் நிறத்தை அப்படியே எழுதுவது, நோக்காமல் செய்த வேலையாகும்.

இது ஒருவர் தனித்தும் செய்யத்தக்க தொழில். பலர் கூடிச் செய்வதில் லாபம் அதிகம். கம்பி, முள், வார்னிஷ் ஆகியவற்றைச் சங்கம் மொத்தமாக வாங்கினால் கிரயம் குறையும். ஒருவர் செதுக்க, ஒருவர் கம்பி முறுக்க, ஒருவர் வண்ணம் தீட்டலாம். ஆனால் நீர்ப் பரீட்சை செய்பவர் இம்மூவருள் ஒருவராக இருத்தல் கூடாது. தான் செய்த பொருளின் குற்றம் தன் கண்ணுக்கு எளிதில் தோன்றுவதில்லை. தோன்றினும், உழைத்த உழைப்பை எண்ணி மனம் அதனை மறைக்கும்.

சங்கத்தின் முத்திரை பெற்ற பத்துப் பொய்மீன்களில் ஒன்று கோணி ஓடினால், வாங்கியவன் அந்த ஒன்றையே ஊரெல்லாம் சொல்வான். அவன் சொல்வதும் நியாயமே. அவனுக்கு அது விளையாட்டுப் பொருளன்று; அன்றைய பொழுதின் கூலியையும் வீட்டு அடுப்பின் நெருப்பையும் அதன்மேல் நம்பி அவன் படகை நீரில் தள்ளியிருக்கிறான். விலக்கிய பொய்மீன் ஒவ்வொன்றும் சங்கத்திற்குச் சிறு நஷ்டமே. விலக்காமல் விற்றதோ, அதுவரை நன்றாக ஓடியவற்றின் நற்பெயரையும் உடன் இழுத்துக்கொண்டு போகும். ஆகையால், தொழிற்சாலை கட்டுவதற்கு முன் அங்கத்தினர்கள் தொட்டி ஒன்றைக் கட்டி நீர் நிரப்புவார்களாக.