எங்கள் கதைக்கு ஒரு முதல் மேடை



சனிக்கிழமைகளில் மரக்கறி வாங்க ஹில்குரொவ்ற் வீதிக்கு வராத தமிழ்க் குடும்பம் ஹூஸ்டனில் இருக்காது. 2010 ஆம் ஆண்டிலே அந்தப் பகுதிக்கு மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் சூட்டினார்கள். புடைவைக் கடை, நகைக் கடை, தோசைக் கடை எல்லாம் அங்கே உண்டு. அங்கே இல்லாத ஒன்றைப் பற்றித்தான் இன்று கதைக்கப் போகிறேன். அது நாடகம்.

அங்கிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் மெயின் வீதிக்குப் போய்விடலாம். 'மாட்ச்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் கலையரங்கம் 2015 இல் அங்கே திறக்கப்பட்டது. ஒரே கூரையின் கீழ் நான்கு சிறிய அரங்குகள். சொந்த மண்டபம் இல்லாத குழுக்கள் வாடகைக்கு எடுத்து நாடகம் போடுகின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் 'கட்டஸ்ட்ரோபிக் தியேட்டர்'. தமிழில் 'பேரழிவு நாடக அரங்கு' என்று சொல்லலாம். பெயரைக் கேட்டாலே கணக்காளனுக்குக் கலக்கம் வரும்!

அங்கே நுழைவுச்சீட்டுக்கு நிர்ணயித்த விலை கிடையாது. இவ்வளவு தந்தால் நல்லது என்று ஒரு தொகை சொல்வார்கள். இயலாதவர் இயன்றதைக் கொடுக்கலாம். முதன்முறை போனபோது, "எவ்வளவு தர விரும்புகிறீர்கள்?" என்று அந்தப் பிள்ளை கேட்டதும் நான் திகைத்துப் போனேன். முப்பது வருடமாக மற்றவர்களிடம் தொகையைச் சொல்லிப் பழகிய எனக்கு, என் தொகையை நானே தீர்மானிப்பது சங்கடமாக இருந்தது. வெட்கத்தில் கொஞ்சம் கூடவே கொடுத்துவிட்டேன். அவர்களுடைய கணக்கு அங்கேதான் இருக்கிறது போலும்.

2018 இல் இந்தக் குழு 'ஸ்மோல் போல்' என்ற இசை நாடகத்தை முதன்முதலாக மேடையேற்றியது. எழுதியவர் மிக்கிள் மேகர். கலிவரின் கதையில் வருகிற லில்லிபுட் நாட்டிலே, விரலளவு மனிதர்களின் அணியில் சேர்ந்து கூடைப்பந்து விளையாடும் சாதாரண உயரமுள்ள ஒருவனின் கதை அது. இந்த விசித்திரத்தை எழுதச் சொல்லிக் கேட்டவர், அப்போது ஹூஸ்டன் ரொக்கற்ஸ் அணியின் பொது முகாமையாளராக இருந்த டாரில் மோரி. எண்களால் விளையாட்டை அளந்தவர், எந்த அளவுகோலுக்குள்ளும் அடங்காத ஒரு நாடகத்துக்கு வழி செய்தார்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். மண்டப வாடகை, ஒளி, ஒலி, உடை, நடிகர்களுக்கான சிறு கொடுப்பனவு என்று செலவு முதலிலேயே வந்துவிடும். வரவு கடைசியில்தான் வரும். பெயர் தெரிந்த பழைய நாடகம் என்றால் சனம் வரும். புதிய நாடகத்தின் பெயர் யாருக்கும் தெரியாது. நுழைவுச்சீட்டுப் பணம் பொதுவாக முழுச் செலவையும் ஈடுசெய்யாது. மீதியை நன்கொடையும் மானியமும்தான் நிரப்ப வேண்டும். ஹூஸ்டன் மாநகரில் விடுதி அறைகளுக்கு அறவிடும் வரியிலிருந்து ஒரு பகுதி கலை அமைப்புகளுக்குப் போகிறது. அப்படியிருந்தும் எல்லோரும் தப்புவதில்லை. 1993 இல் தொடங்கிய 'இன்ஃபேர்னல் பிரைட்குரூம்' என்ற குழு பணமுடையால் 2007 இல் நின்றுபோனது. அதைத் தொடக்கியவர்களில் ஒருவரான ஜேசன் நோட்லர் அதே ஆண்டில் மற்றவர்களோடு சேர்ந்து ஆரம்பித்ததுதான் இந்தப் 'பேரழிவு'.

இதெல்லாம் வெள்ளைக்காரருக்குச் சரி, எங்களுக்கு ஏன் என்று கேட்பீர்கள். ஆனால் இந்த வேலை எங்களுக்குப் புதியதல்ல. 1978 இல் கொழும்பிலே க. பாலேந்திராவும் நண்பர்களும் தமிழ் அவைக்காற்று கலைக் கழகத்தைத் தொடங்கினார்கள். அமெரிக்கரான டென்னசி வில்லியம்ஸின் நாடகத்தைக் 'கண்ணாடி வார்ப்புகள்' என்றும், ஸ்பெயின் நாட்டு லோர்காவின் நாடகத்தை 'ஒரு பாலை வீடு' என்றும் தமிழில் மேடையேற்றினார்கள். பின்னர் கழகமும் புலம்பெயர்ந்து லண்டனில் வேர்விட்டது. ரொறன்ரோவில் மனவெளி கலையாற்றுக் குழு 1996 இல் 'அரங்காடல்' நிகழ்வுகளைத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம், போர் நடந்துகொண்டிருந்த 1992 இல், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்துப்போன பெற்றோரைப் பற்றி 'எந்தையும் தாயும்' என்ற நாடகத்தைத் தந்தார். அந்தப் பிள்ளைகள் வேறு யாருமல்ல, நாங்கள்தான்.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். அவுஸ்திரேலியாவில் வளர்ந்த எஸ். சக்திதரன் எழுதிய 'கவுன்ரிங் அண்ட் கிராக்கிங்' நாடகம் 2019 இல் சிட்னி நகர மண்டபத்தில் அரங்கேறியது. 2024 இல் நியூயோர்க்குக்கும் வந்தது. அது சிறிய குழுவின் வேலையல்ல, மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீளும் பெரிய தயாரிப்பு. ஆனால் அதன் தொடக்கம் ஒரு வீட்டுக்குள்ளே இருந்தது. இலங்கையைப் பற்றி அம்மா வாய் திறக்கவில்லை. மகன் மற்றவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினான்.

இதை அறிந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. எண்பத்து மூன்றைப் பற்றி, கப்பலைப் பற்றி, முகாமைப் பற்றி நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்லியிருக்கிறோம்? என் மகள் பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டுரைக்காக, "அப்பா, நீங்கள் எப்படி வந்தீர்கள்?" என்று கேட்டாள். நான் ஆண்டுகளையும் ஊர்களையும் வரிசையாகச் சொன்னேன், ஐந்தொகை வாசிப்பதுபோல. அவள் எழுதிக்கொண்டாள். பிறகு, "பயமாக இருந்ததா?" என்று கேட்டாள். நான் தேநீர் போட எழுந்து போய்விட்டேன்.

எங்கள் ஆண்டு விழாக்களில் நாடகம் இல்லாமலில்லை. அரிச்சந்திரனும் வருவார், பண்டாரவன்னியனும் வருவார். வரட்டும். ஆனால் வாகனத் தரிப்பிடத்தில் இரவு வேலை பார்த்த பட்டதாரியும், நேர்முக விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் மாற்றிச் சொன்ன ஒரு சொல்லுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவரும் இன்னும் மேடைக்கு வரவில்லை.

ஆகவே ஒரு சிறிய யோசனை. பெரிய மண்டபம் வேண்டாம், காட்சித் திரை வேண்டாம். அரை மணி நேர நாடகம், நான்கு பேர், நான்கு கதிரை, கையில் பிரதி. வாசித்துக் காட்டினாலே போதும். ஒருவரின் வீட்டுக் கூடத்தில் முப்பது பேர் இருக்கலாம். தமிழ் தடுமாறும் பிள்ளைகள் ஆங்கிலம் கலந்து எழுதினால் எழுதட்டும். செலவு தேநீரும் வடையும்தான். வரவுசெலவுக் கணக்கை நான் பார்த்துத் தருகிறேன், இலவசமாக.

எழுத யாருமில்லை என்றால், முதல் காட்சியை நானே எழுத வேண்டியிருக்கும். ஒரு மகள் கேள்வி கேட்கிறாள், தகப்பன் தேநீர் போட எழும்புகிறான். இந்த முறை அவனைத் திரும்பி வந்து இருக்க வைக்க வேண்டும்.