சாம்பலில் கால் வைக்குமுன்

(ஊராட்சி உறுப்பினர்களின் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மாசி பிறந்து, அறுவடை முடிந்து, களத்து மேடுகளில் வைக்கோற் போர்கள் எழுந்து நிற்கும் காலத்தில் தீத்தடுப்பைப் பற்றிப் பேசுவது நமது வழக்கம். கூரைகளுக்கிடையே இடைவெளி விடுங்கள், அடுப்பை அணைத்துவிட்டு வயலுக்குச் செல்லுங்கள் என்று ஆண்டுதோறும் சொல்லி வருகிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அதுவன்று. தீயும் அணைந்து, தீயணைப்பு வண்டியும் திரும்பிச் சென்ற பிறகு, எரிந்துபோன வீடுகளை அபாயமின்றி அப்புறப்படுத்துவது எவ்வாறு என்பதே இன்றைய பொருள். மண்வெட்டியும் கூடையும் இருந்தால் போதாதா, இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு காலத்தில் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், எமது பொறுப்பிலிருந்த ஒரு சிற்றூரில், பங்குனி மாதத்து நண்பகலில் 11 கூரை வீடுகள் எரிந்தன. வயலில் இருந்தோர் ஓடி வந்து குழந்தைகளையும் கால்நடைகளையும் காப்பாற்றினர். உயிர்ச்சேதம் இல்லை. அன்று மாலைக்குள் அரிசியும் வேட்டி சேலைகளும் வழங்கினோம். மன நிறைவோடு திரும்பினோம். மறுநாள் இரவு கோடை மழை பெய்தது. மூன்றாம் நாள் காலையில், தம் தகரப் பெட்டியைத் தேடி உள்ளே சென்ற மூதாட்டி ஒருவர்மீது மண்சுவர் சாய்ந்தது. தீயில் ஒருவரும் மாளாத அவ்வூரில், தீ அணைந்த பின் ஒருவர் மாண்டார். நிவாரணப் பட்டியல் எழுதத் தெரிந்த எங்களுக்கு, அச்சுவரைச் சுற்றி ஒரு கயிறு கட்ட வேண்டும் என்பது தோன்றவில்லை. அத்தவறு எங்களுடையது. அது உங்கள் ஊரில் நிகழலாகாது என்பதற்காகவே இதனைச் சொல்கிறோம்.

எரிந்த சுவர் ஏன் சாய்கிறது? கூரை உள்ளவரை விட்டமும் கைமரங்களும் சுவர்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்கின்றன. கூரை எரிந்ததும் ஒவ்வொரு சுவரும் துணையின்றித் தனித்து நிற்கிறது. வெப்பத்தினால் அதில் வெடிப்பு விழுகிறது. தீயை அணைக்க ஊற்றிய நீரும் பின்னர் பெய்யும் மழையும் அவ்வெடிப்பில் இறங்கி மண்ணை இளகச் செய்கின்றன. காங்கிரீட் வீடானால் அஞ்சத் தேவையில்லை என்று கருதவேண்டா. ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால் காங்கிரீட்டின் வலிமை குறையத் தொடங்குகிறது. ஆறிய பின்னும் அவ்வலிமை முழுவதும் திரும்புவதில்லை. பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை அத்தகைய தளத்தின் கீழ் யாரும் படுத்துறங்கலாகாது.

இனிச் செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, காத்திருத்தல். தீயணைப்பு நிலையத்தார் அனுமதிக்கும்வரை எவரும் உள்ளே செல்லலாகாது. நிற்கும் சுவரின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் சுற்றிலும் கயிறு கட்டுங்கள். 10 அடிச் சுவருக்கு 15 அடி. குழந்தைகளும் ஆடுமாடுகளும் அதனைத் தாண்டாதபடி காவலுக்கு இருவரை நிறுத்துங்கள்.

இரண்டாவது, மின்சாரமும் எரிவாயுவும். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் உண்டென்றே கொள்ள வேண்டும். மின்வாரிய ஊழியர் கம்பத்திலேயே இணைப்பைத் துண்டித்த பிறகே அடுத்த வேலை. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பள்ளமான இடங்களில் தங்கி நிற்கும். தீயில் அகப்பட்ட சிலிண்டரை உருட்டவோ திறந்து பார்க்கவோ வேண்டா. எரிவாயுக் கசிவைத் தெரிவிக்க 1906 என்ற எண்ணும், தீயணைப்பு நிலையத்தை அழைக்க 101 என்ற எண்ணும் இருக்கின்றன.

மூன்றாவது, சேதத்தைப் பதிவு செய்தல். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து எழுதுவதற்கு முன் இடத்தைச் சுத்தம் செய்துவிட்டால், நிவாரணம் கோருவதற்கு உரிய சான்று மறைந்துவிடும். ஒவ்வொரு வீட்டையும் நான்கு புறமும் படம் எடுத்து வையுங்கள். பத்திரங்களுக்காக யாரும் உயிரைப் பணயம் வைக்கவேண்டா. அம்மூதாட்டி தேடிச் சென்ற பெட்டியில் இருந்தவை பட்டாவும் சிறிது பணமுமே. பட்டாவின் விவரம் வருவாய்த் துறையின் பதிவேட்டில் இருக்கிறது, நகல் பெறலாம். குடும்ப அட்டைக்கும் நகல் உண்டு. கருகி உதிரும் நிலையிலுள்ள ரூபாய் நோட்டுகளைச் சாதாரண வங்கிக் கிளைகள் ஏற்பதில்லை. அவற்றை மடிக்காமலும் பிரிக்காமலும் பெட்டியில் வைத்து, சென்னையிலுள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் சேர்ப்பித்தால், விதிகளின்படி பரிசீலிப்பார்கள்.

நான்காவது, சாம்பலைப் பற்றிய ஜாக்கிரதை. மேலே ஆறிக் கிடக்கும் வைக்கோற் போர் உள்ளே பல நாள் கனன்று கொண்டிருக்கும். எரிந்த மரத்தின் வேரும் நிலத்தடியில் புகைந்து கொண்டிருக்கும். மேலே கால் வைத்தவர் தணற்குழியில் இறங்கிவிடுவார். ஆதலால் நீண்ட கழியால் கிளறி, நீர் தெளித்து, மீண்டும் கிளறிப் பாருங்கள். சாம்பல் ஈரத்தோடு சேர்ந்தால் காரமாகித் தோலை அரிக்கும். வெறுங்காலோடும் வெறுங்கையோடும் இறங்கலாகாது. துடைப்பத்தால் உலரப் பெருக்கினால் தூசி நெஞ்சுக்குள் செல்லும். லேசாக நீர் தெளித்த பிறகே அள்ள வேண்டும்.

ஐந்தாவது, சுவரை இறக்குதல். அடியில் தோண்டினால் சுவர் தோண்டுபவர்மீதே விழும். வெளிப்புறத்தில் தொலைவில் நின்று, நீண்ட கழியும் கயிறும் கொண்டு, மேலிருந்து கீழாக இறக்குங்கள். ஒருவர் வேலை செய்யாமல் சுவரையே கவனித்துக் குரல் கொடுக்க வேண்டும்.

ஆறாவது, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இவ்விஷயத்தில் தொலைவிலுள்ள ஆஸ்திரேலியாவின் அனுபவம் நமக்குப் பயன்படும். 2009ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் அந்நாட்டின் விக்டோரியா மாநிலத்தில் மூண்ட காட்டுத்தீயில் 173 பேர் மாண்டனர். 2,000க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அங்குள்ள பழைய வீடுகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் உண்டு. ஆகவே, வீட்டுக்காரர் தாமே வாரிக் கொட்ட நேராதபடி, அரசே பொறுப்பேற்று, பயிற்சி பெற்ற ஆட்களைக் கொண்டு இடிபாடுகளை அகற்ற ஏற்பாடு செய்தது. 2019–20 காட்டுத்தீக்குப் பின்னும் இம்முறையே கையாளப்பட்டது. அந்நாடு 2003ஆம் ஆண்டு இறுதியிலேயே ஆஸ்பெஸ்டாஸை முற்றிலும் தடை செய்துவிட்டது. நம் ஊர்களிலோ அக்கூரைகள் இன்றும் மிகுதி. தீயில் அத்தகடு வெடித்துச் சிதறும். அதன் நுண்ணிய நார் மூச்சில் கலந்தால், பல்லாண்டுகள் கழித்து நுரையீரல் நோயும் புற்றுநோயும் தோன்றக்கூடும். அவ்வில்லைகளை உடைக்காமல், நனைத்து, தடித்த பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றாகச் சுற்றி, தனியே வைத்து, எங்கள் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். மூக்கில் கட்டும் துண்டு இந்நாரைத் தடுக்காது.

ஏழாவது, கொட்டும் இடம். குளம், வாய்க்கால், பாழ்ங்கிணறு ஆகியவற்றில் எதையும் தள்ளலாகாது. சாம்பல் நல்ல உரமாயிற்றே, வயலில் இடலாமே என்று விவசாயிகள் கேட்பார்கள். அடுப்புச் சாம்பல் உரந்தான். எரிந்த வீட்டின் சாம்பலிலோ பூச்சிமருந்தும், பேட்டரியும், பிளாஸ்டிக்கும், வர்ணமும் எரிந்து கலந்திருக்கின்றன. அது பயிருக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது. அருகிலுள்ள கிணற்றில் சாம்பல் விழுந்திருந்தால், இறைத்துச் சுத்தம் செய்து, நீரைப் பரிசோதித்த பிறகே குடிக்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்டபின், நீங்கள் எழுப்பக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. கைக்குழந்தையோடு மரத்தடியில் இருப்பவரிடம் காத்திரு என்று சொல்வது எளிது. மழை வந்தால் என்ன செய்வது? கிடைத்த பாத்திரம் பண்டங்களைப் பிறர் எடுத்துச் சென்றால் யார் பொறுப்பு? மனையை விட்டு அகன்றால் அது பறிபோகாதா? இக்கேள்விகள் நியாயமானவை. மக்கள் அவசரப்படுவது அறியாமையினால் அன்று, அச்சத்தினால். அவ்வச்சத்தைப் போக்காமல் கயிறு கட்டினால், இரவில் கயிற்றைத் தாண்டிச் செல்வார்கள். ஆகவே பள்ளிக்கூடத்தையோ சமுதாயக் கூடத்தையோ அன்றே திறந்து கொடுங்கள். காவலுக்கு நிற்பவர்களை எரிந்த வீட்டாரே தேர்ந்தெடுக்கட்டும். யாருடைய மனை எது என்பதை ஊரார் முன்னிலையில் எழுதிக் கையொப்பமிடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் எங்கே என்ன இருந்தது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, சுத்தம் செய்யும்போது அதனைத் தேடி எடுத்துக் கொடுங்கள்.

மே 1ஆம் நாள் கிராம சபை கூடும். அன்று உங்கள் ஊராட்சியில் ஒரு தீர்மானம் நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஊராட்சி அலுவலகத்தில் நீண்ட கயிறும், மூங்கிற் கழிகளும், கையுறைகளும், தூசி புகாத முகமூடிகளும் வாங்கி வைப்பது; தீ விபத்துக் காலத்தில் தங்கும் இடத்தையும், இடிபாடுகளைக் கொட்டும் இடத்தையும் முன்கூட்டியே முடிவு செய்வது; ஒவ்வொரு குடும்பத்தின் பத்திர நகல்களும் வெளியூர் உறவினர் வீட்டிலாவது இருக்குமாறு செய்வது. இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. எங்கள் அலுவலகத்துப் பொறியாளரை அழைத்தால் சுவர்களைப் பார்வையிட வருவார். அதற்கு நாங்கள் பொறுப்பு. அவர் வரும்வரை கயிறு அவிழாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.