மதிப்பெண்ணும் மதிப்பும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் வீடு வீடாகச் சென்று ஒரே வேண்டுகோளையே விடுத்து வந்துள்ளது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்பதே அது. இன்று பொங்கலூர் வட்டாரத்தில் நம் தெருக்களில் பள்ளியையே அறியாத பிள்ளையைக் காண்பது அரிது. ஆகவே, வெள்ளி விழா ஆண்டில் அடுத்த வினாவை எழுப்ப நாம் கடமைப்பட்டுள்ளோம். பள்ளிக்குச் சென்ற பிள்ளையின் விடைத்தாள் எவ்வாறு திருத்தப்படுகிறது? அதில் விழும் மதிப்பெண் பிள்ளையின் ஊக்கத்தை வளர்க்கிறதா, கெடுக்கிறதா? இது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆனால், பத்தாம் வகுப்பில் 35 மதிப்பெண் பெற்றுத் தேறிய பிள்ளை, பதினோராம் வகுப்புப் பாடநூலைப் படித்துப் பொருள்கொள்ள இயலாமல், அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே பனியன் கம்பெனி வேனில் ஏறிச் செல்வதைக் கண்டவர்கள் இதனைச் சிறிதென்று எண்ணமாட்டார்கள்.

தவறான மதிப்பீடு இரு வழிகளில் நிகழும். ‘இந்த வீட்டுப் பிள்ளைக்கு இவ்வளவுதான் வரும்’ என்று குறைத்து இடுவது ஒன்று. ‘பாவம், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை, போகட்டும்’ என்று கூட்டி இடுவது மற்றொன்று. முன்னதை நாம் வெறுக்கிறோம்; பின்னதற்கு நன்றி கூறுகிறோம். ஆனால், இரண்டும் ஒரு வயிற்றில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் என்பதே இன்று நாம் கூற வந்த செய்தி. இப்பிள்ளையால் இதற்குமேல் இயலாது என்னும் தீர்ப்பு இரண்டிலும் ஒளிந்திருக்கிறது.

முதலில், குறைத்து இடுவதைக் காண்போம். ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்னும் ஆய்வாளர்கள் இந்தியாவில் நடத்திய ஆய்வொன்று 2012இல் வெளியாயிற்று. மாணவர் எழுதிய விடைத்தாள்களைப் படியெடுத்து, முகப்பில் வயது, பால், சாதி ஆகிய விவரங்களை மாற்றி மாற்றிக் குறித்து, ஆசிரியர்களிடம் திருத்தத் தந்தனர். தாழ்த்தப்பட்ட சாதி குறிக்கப்பட்ட தாள்களுக்கு, மேல்சாதி குறிக்கப்பட்ட தாள்களைவிடச் சற்றுக் குறைவாகவே மதிப்பெண் விழுந்தது. வேறுபாடு பெரிதன்று. ஆனால், அவ்வேறுபாடு தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து வந்த ஆசிரியர்கள் திருத்திய தாள்களிலேயே தென்பட்டது என்பது நம்மை ஆழ்ந்து சிந்திக்க வைக்க வேண்டும். பிறர் நம்மைப் பற்றிக் கொண்ட எண்ணத்தை நாமும் நம்பத் தொடங்கினால், நம் கையிலுள்ள சிவப்பு மையும் நமக்கு எதிராகவே எழுதும்.

அவ்வெண்ணம் பிள்ளையின் மனத்தில் என்ன செய்கிறது என்பதையும் ஓர் ஆய்வு காட்டியது. உத்தரப் பிரதேச கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களிடம் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் நடத்திய அவ்வாய்வு 2004இல் வெளியிடப்பட்டது. தாளில் வரைந்த சிக்கலான பாதையில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைச் சிறுவர்களுக்குத் தந்தனர். சாதி அறிவிக்கப்படாதபோது இரு தரப்புச் சிறுவர்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே புதிர்களை விடுவித்தனர். எல்லோர் முன்னிலையிலும் சாதியை உரக்கக் கூறிய பின்னர், தாழ்த்தப்பட்ட சிறுவர்கள் விடுவித்த புதிர்களின் எண்ணிக்கை குறைந்தது. அறிவு அவ்வளவில் மாறிவிடவில்லை. முயன்றாலும் நீதி கிடைக்காது என்னும் ஐயம் கையைத் தளர்த்தியது. தாம் பெறும் மதிப்பெண் நேர்மையானது என்று நம்பும் பிள்ளையே உழைக்கும்.

இனி, கூட்டி இடுவதைப் பார்ப்போம். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாகாது என்று 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் விதித்தது. 2019இல் அச்சட்டம் திருத்தப்பட்டபின், தமிழ்நாட்டில் 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பு எழுந்ததால் 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. நாமும் அத்தேர்வை விரும்பாதவர்களே. பத்து வயதில் ‘தோற்றவன்’ என்று பெயர் வாங்கிய பிள்ளை பள்ளிக்குத் திரும்புவது கடினம். ஆனால், மேல்வகுப்புக்கு அனுப்புவது வேறு. கற்காததைக் கற்றதாக எழுதுவது வேறு. முன்னது பிள்ளையின் உரிமை. பின்னது பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உண்மையை மறைப்பது.

2020இல் கொரோனாத் தொற்றினால் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு கைவிடப்பட்டது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடும், வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடும் என்று கணக்கிடப்பட்டு, அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அச்சூழலில் வேறு வழி இருக்கவில்லை. எனினும், அன்று நமக்கு ஒன்று புலனாயிற்று. ஏனோதானோவென்று திருத்தப்பட்ட காலாண்டுத் தாளும் ஒரு பிள்ளையின் வாழ்நாள் சான்றாக மாறக்கூடும்.

கண்டிப்பான மதிப்பீடு பிள்ளைக்கு நன்மை தருமா என்பதை அமெரிக்காவில் ஆராய்ந்துள்ளனர். ஆசிரியர் இட்ட மதிப்பெண்ணை, அதே மாணவர் பொதுத் தேர்வில் பெற்ற மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு, எவர் கண்டிப்பானவர், எவர் தாராளமானவர் என்று பிரித்தறிந்தனர். புளோரிடாவின் தொடக்கப் பள்ளிகளைப் பற்றி 2004இலும், வட கரோலினாவின் இயற்கணித வகுப்புகளைப் பற்றி 2020இலும் வெளியான ஆய்வுகள் ஒரே முடிவைக் கூறின. கண்டிப்பாக மதிப்பிட்ட ஆசிரியரிடம் பயின்றோர் கூடுதலாகக் கற்றனர். வட கரோலினாவில் இப்பயன் எல்லாப் பிரிவு மாணவர்க்கும் கிட்டியது.

புளோரிடா ஆய்வு மற்றொன்றையும் கண்டது. ஆசிரியர் கண்டிப்பானவராக இருந்தபோது, பெற்றோர் வீட்டுப்பாடத்தில் கூடுதலாக உதவினர். இங்கேதான் நம் நிலை வேறுபடுகிறது. விசைத்தறியிலும், கோழிப் பண்ணையிலும், பனியன் கம்பெனியிலும் வேலை முடித்து இரவில் வீடு திரும்பும் தாய்தந்தையர் இயற்கணிதம் கற்பிக்க இயலுமா? கண்டிப்பை மட்டும் பள்ளியில் வைத்து, உதவியை வீட்டினிடம் விட்டுவிட்டால், நம் பிள்ளைக்கு எஞ்சுவது கண்டிப்பு மட்டுமே. ஆதலால், வீடு செய்ய இயலாததை நம் சங்கத்தின் மாலை வகுப்பு செய்தாக வேண்டும்.

எவ்வாறு செய்வது? அதற்குரிய பாடம் நம் தொழிலிலேயே இருக்கிறது. தைத்து முடித்த பனியன் செக்கிங் மேசைக்கு வருகிறது. குறையைக் கண்டும் காணாமல் விடுபவர் டெய்லருக்கு நண்பர்போலத் தோன்றலாம். ஆனால் சரக்கு மொத்தமாகத் திரும்பி வரும் நாளில் அவர் செய்த தீங்கு விளங்கும். குறை எங்கென்று கூறாமல் துணியை ஒதுக்கி எறிபவராலும் பயனில்லை. தையல் விட்ட இடத்தில் சிறு ஸ்டிக்கர் ஒட்டி, இதைச் சரிசெய்து கொண்டு வருக என்று திருப்பித் தருபவரே தொழிலைக் கற்றுத் தருகிறார். விடைத்தாளுக்கும் இதுவே விதி. வெறும் 42 என்னும் எண் குறையின் இடத்தைக் காட்டாது. மூன்றாம் படியில் குறியை மாற்ற மறந்தாய் என்னும் ஒரு வரி காட்டும்.

குறையைச் சுட்டும்போது நம்பிக்கையையும் சேர்த்துரைக்க வேண்டும். அமெரிக்காவில் டேவிட் யீகரும் அவருடைய குழுவினரும் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஏழாம் வகுப்பு மாணவரின் கட்டுரைகளைத் திருத்தித் தந்தபோது சிலவற்றில் மட்டும் ஒரு சிறு குறிப்பை இணைத்தனர். உன்னிடம் உயர்ந்ததை எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று அறிவேன், ஆகவே இவற்றைச் சுட்டுகிறேன் என்பது அதன் கருத்து. அக்குறிப்பைப் பெறாத கறுப்பின மாணவருள் கட்டுரையைத் திருத்தி எழுதியோர் பத்தில் இருவருக்கும் குறைவு. பெற்றோருள் பத்தில் எழுவர் திருத்தி எழுதினர். புறக்கணிக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளை கண்டிப்புக்கு அஞ்சுவதில்லை. அக்கண்டிப்பின் பின்னே இருப்பது வெறுப்பா, அக்கறையா என்று அறியாமலே தயங்குகிறது.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வையும் இங்கு நினைவு கூர்வோம். 1907ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் பெற்றவை 750க்கு 282. அவ்வெண்ணை எல்லையாகக் கொண்டு எவரேனும் அவரை மதிப்பிட்டிருந்தால் அது எத்துணைப் பெரும் பிழையாக முடிந்திருக்கும்! பின்னர் 1922இல் ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டை இலண்டன் பல்கலைக்கழகத்திற்கு அளித்தபோது, தேர்வாளர்கள் அதைத் திருத்தி எழுதுமாறு கூறினர். அண்ணல் சலுகை கோரவில்லை. தம் முடிவுகளை விட்டுக்கொடுக்கவும் இல்லை. மீண்டும் எழுதி அளித்து 1923இல் டி.எஸ்சி. பட்டத்திற்குரிய ஏற்பைப் பெற்றார். அவ்வாண்டே நூலான அவ்வாய்வுக்கு முன்னுரை எழுதிய பேராசிரியர் எட்வின் கேனன், அதன் கருத்துகள் பலவற்றோடு தமக்கு உடன்பாடில்லை என்று அதிலேயே தெரிவித்தார். கருத்தில் மாறுபட்டும் உழைப்பை மதித்த அத்தகைய ஆசிரியர்களே நம் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

ஆகவே, இளைஞர்களே, மாலை வகுப்பில் பாடம் சொல்லும் பொறுப்பை ஏற்றவர்கள் நீங்கள். உங்கள் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, விடைத்தாளில் பெயர் எழுதும் இடத்தை மடித்து மறைத்துவிட்டுத் திருத்துங்கள். அண்ணன் மகன், அடுத்த தெருப் பெண் என்னும் எண்ணம் மதிப்பெண்ணில் கலக்க வேண்டாம். இரண்டாவது, எந்த விடைக்கு எத்தனை மதிப்பெண் என்பதைத் தேர்வுக்கு முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். மூன்றாவது, மூன்று நாட்களுக்குள் தாளைத் திருப்பித் தந்து, குறையைச் சுட்டி, மறுமுறை எழுத வாய்ப்பளியுங்கள். நான்காவது, கருணை மதிப்பெண் ஒன்றுகூட இடாதீர்கள். அக்கருணையைக் கூடுதலாக ஒரு மணி நேரம் கற்பிப்பதில் காட்டுங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். மதிப்பெண் குறைந்தால் பிள்ளையை அடிக்காதீர்கள்; கூடினால் அதோடு நின்றுவிடாதீர்கள். விடைத்தாளைக் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தறியாதவராயினும், ‘எங்கே தவறிற்று, எனக்கு எடுத்துச் சொல்’ என்று கேட்க முடியுமே! பள்ளியில் மதிப்பெண் நியாயமற்றது என்று தோன்றினால் ஆசிரியரிடம் மரியாதையோடு விளக்கம் கேளுங்கள். மேல்நிலைப் பொதுத் தேர்வு எழுதியோர் விடைத்தாள் நகல் பெறவும், மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கோரவும் வழியுண்டு. அதற்குரிய கட்டணம் கட்ட இயலாத வீட்டுக்கு நம் சங்கம் துணை நிற்க வேண்டும்.

நம் முன்னோர் பள்ளியின் வாசலைத் திறக்கப் போராடினர். வாசல் திறந்தபின் உள்ளே நம் பிள்ளைக்குக் கிடைப்பது உண்மையான கல்விதானா என்று பார்ப்பது நம் தலைமுறையின் பொறுப்பு. இரக்கத்தால் வந்த அறுபதைவிட, உழைத்துப் பெற்ற ஐம்பது பிள்ளையை நெடுந்தொலைவு கொண்டு செல்லும். அவ்வைம்பதை எண்பதாக்க நாம் உடனிருப்போம் என்று இவ்வெள்ளி விழாவில் உறுதி கூறி அமைகிறோம்.