மரக்கால் மழையும் மழைமானியும்

(செம்பரம்பாக்கத்தில் பூகோள மாணவர்களிடையே பேசியது)



நீங்கள் ஏரிக்கரையில் கருவிகள் வைத்து மழை, வெய்யில் ஆகியவைகளை அளந்து கணக்கெழுதப் போவதாகவும், அதுபற்றி நாம் சில வார்த்தைகள் சொல்லவேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார்கள். நாம் காலேஜுக்குப் போனவர்களல்ல. ஆனால் இந்தக் காரியத்திற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கண்ணும், ஒழுங்கும், உள்ளதை உள்ளபடி எழுதுகிற நாணயமும் இருந்தால் போதும்.

வருஷப் பிறப்பன்று பஞ்சாங்கம் வாசிக்கிறார்கள். இவ்வருஷம் இத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை பங்கு, பூமிக்கு இத்தனை பங்கு என்பதாகச் சொல்லப்படுகிறது. ஜனங்களும் பக்தியோடு கேட்டுவிட்டு வருகிறார்கள். அந்த மரக்காலை எந்த ஊரில் வைத்தார்கள், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று யாராவது கேட்டதுண்டா? வருஷக் கடைசியில் சொன்னபடி பெய்ததா என்று ஒத்துப் பார்த்ததுண்டா? நெல் வாங்கும்போது மரக்கால் ஒரு பிடி குறைந்தால் சண்டைக்குப் போகிற நாம், மழை விஷயத்தில் மாத்திரம் அளவையே காணாமல் கணக்கை ஒப்புக்கொள்ளுகிறோம்.

இதைவிட நம் குடியானவன் எவ்வளவோ மேல். அவன் "ஓர் உழவு மழை" என்பான். மண்ணைக் கிளறி, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று தன் கண்ணால் பார்த்துச் சொல்லுகிறான். பரும்படியான அளவுதான், என்றாலும் யோக்கியமான அளவு. கொரியா தேசத்தில் 1441-ஆம் வருஷத்திலேயே மழையை அளக்கப் பாத்திரம் செய்து, பின்பு ஊர்களுக்கெல்லாம் அனுப்பிக் கணக்கு வாங்கியிருக்கிறார்கள். நம் நுங்கம்பாக்கத்திலும் 1792-இல் வானாராய்ச்சி நிலையம் ஏற்பட்டு, 1796 முதல் வானிலைக் கணக்கு எழுதப்பட்டது.

நுங்கம்பாக்கத்தில் அளந்தால் போதாதா, செம்பரம்பாக்கத்தில் எதற்கு என்று கேட்பீர்கள். 2015 டிசம்பர் 2-ந் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரக் கணக்கைப் பாருங்கள். நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர். இந்தச் செம்பரம்பாக்கத்தில் 47. தாம்பரத்தில் 49. நுங்கம்பாக்கம் இங்கிருந்து இருபது மைல்கூடத் தூரமில்லை. ஒரே இரவு, ஒரே மழை மேகம்; மழையோ ஊருக்கு ஊர் வேறு. அப்படியிருக்க, ஒரு ராஜ்யம் முழுமைக்கும் ஒரு மரக்கால் என்பது எப்படிப் பொருந்தும்?

47 சென்டிமீட்டர் என்றால் ஓர் ஏக்கர் நிலத்தின்மேல் சுமார் 19 லட்சம் லிட்டர் தண்ணீர். ஏரியின் கொள்ளளவோ 3,645 மில்லியன் கன அடி. அந்த இரவில் இங்கிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரையில் திறந்துவிடப்பட்டு, அது அடையாற்றில் போய்ச் சேர்ந்தது. கரையோரத்து ஏழை ஜனங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். "வருண பகவான் கோபம்" என்று சொல்லிவிட்டால் யாரையும் எதுவும் கேட்க முடியாது. மழை எத்தனை, வரத்து எத்தனை, திறந்தது எத்தனை, எந்த மணிக்கு என்று கணக்கு இருந்ததால்தான் கேட்க முடிந்தது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்திய தணிக்கை அறிக்கை, தண்ணீரைத் திறந்த விதத்தைக் கண்டித்து, இதை மனிதரால் உண்டான பேரழிவு என்றது. பகவான்மேல் தணிக்கை அறிக்கை எழுத முடியுமா?

நிற்க. கணக்கு இவ்வளவு காரியம் செய்யவேண்டுமானால் அது சரியான கணக்காக இருக்கவேண்டும். மழைமானியில் மந்திரம் ஒன்றுமில்லை. மேலே ஒரு புனல், உள்ளே ஒரு பாத்திரம், பக்கத்தில் கோடு போட்ட கண்ணாடிக் குவளை, அவ்வளவுதான். ஆனால் வாயின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டராயிருந்தால் 10 மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு மில்லிமீட்டர் மழை. 200 சதுர சென்டிமீட்டராயிருந்தால் 20 மில்லிலிட்டர் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். ஒன்றின் குவளையை மற்றொன்றிற்கு உபயோகித்தால் மழை இரட்டிப்பாகும், அல்லது பாதியாகும். வானத்தின்மேல் குற்றமில்லை.

மழைமானியின் விளிம்பு தரையிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில் மட்டமாக இருக்கவேண்டும். அதிகம் தாழ்ந்தால் தரையில் விழுந்த துளி தெறித்து உள்ளே போகும். மொட்டை மாடியில் வைத்தால் காற்று துளியை அடித்துக்கொண்டு போய்விடும். மரமோ சுவரோ பக்கத்தில் இருந்தால், அதன் உயரத்தைப்போல் இரண்டு பங்கு தூரமாவது தள்ளி வைக்கவேண்டும்.

வெப்பமானியை வெய்யிலில் தொங்கவிட்டால், அது காற்றின் சூட்டைக் காட்டாது; வெய்யிலில் காய்ந்த தன் சூட்டைத்தான் காட்டும். அதற்காகவே நாலடி உயரத்தில், காற்றுப் புகும்படி சட்டங்கள் அடித்த வெள்ளைப் பெட்டி. வடக்குப் பார்த்து அதற்குக் கதவு வைப்பது வாஸ்துவுக்காக அல்ல. திறக்கும்போது வெய்யில் நேராக உள்ளே விழக்கூடாது என்பதற்காக. ஆயுத பூஜையன்று இதற்கெல்லாம் சந்தனம் பூசி மாலை போட்டுவிடாதீர்கள். மாலை போட்ட மழைமானியில் பூ குடித்த மழை கணக்கில் வராது.

தினமும் காலை எட்டரை மணிக்குப் பார்க்கவேண்டும். எல்லோரும் ஒரே மணிக்குப் பார்த்தால்தான் ஒரு ஊர்க் கணக்கை இன்னொரு ஊர்க் கணக்கோடு ஒப்பிட முடியும். குவளையைக் கண்ணுக்கு நேராக வைத்து, தண்ணீர் குழிந்திருக்கும் அடிமட்டத்தைப் பாருங்கள். நின்றபடி குனிந்து பார்த்தால் தப்பாகும்.

இதிலெல்லாம் பெரிய ஆபத்து, பார்க்காமலே எழுதுவது. தூங்கிவிட்டோம், வாத்தியார் கேட்பாரே என்று நேற்றைய எண்ணைப் பார்த்து இன்றைய எண்ணைப் போடுவது. அல்லது சுழி போடுவது. சுழி என்றால் "பார்த்தேன், மழை இல்லை" என்று அர்த்தம். பார்க்காத நாளைக்குப் "பார்க்கவில்லை" என்றே எழுதுங்கள். இரண்டு நாள் தண்ணீரைச் சேர்த்து அளந்தால் இரண்டு நாளையது என்று எழுதுங்கள். பார்க்காமல் எழுதுகிறவனுக்கும் மரக்கால் கணக்குச் சொல்லுகிறவருக்கும் என்ன வித்தியாசம்? அவரிடமாவது பழைய புஸ்தகம் ஒன்று இருக்கிறது.

எழுதிய நோட்டைப் பள்ளிக்கூட அலமாரியில் பூட்டிவைக்க வேண்டாம். தினமும் அந்த எண்ணை டீக்கடைப் பலகையில் எழுதிப் போடுங்கள். ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்டுக்குப் போகிறவர்களும் படிக்கட்டும். ஏர் பிடிக்கிறவர்களும் படிக்கட்டும். தப்பென்று தோன்றினால் யாரும் வந்து மழைமானியைப் பார்த்துக் கேட்கட்டும்.

இப்போது எல்லோருமாய்ப் போய் இடத்தைப் பார்த்துவிடலாம். நீங்கள் காட்டிய அந்த வேப்பமரத்தடி வேண்டாம்.